குடத்துக்குள் யார் பெயர்?

வாக்களிக்க வாரீர் என்று அழைக்கிறார்கள். அழைப்பவர் கட்சித் தலைவர் அல்லர். தேர்தல் ஆணையமும் அன்று. ஆட்டங்களை நடத்தும் கூட்டமைப்புகள்! இந்த மாதத்தின் சிறந்த ஆட்டக்காரர் யார், இந்த ஆண்டின் சிறந்த வீராங்கனை யார், உங்கள் உள்ளம் கவர்ந்தவர் யார் என்று கேட்டு, இரண்டு மூன்று பெயர்களைப் படத்துடன் இணையத்தில் இட்டு, எதிரே ஒரு பொத்தானையும் வைத்துவிடுகிறார்கள். வெயிலில் வரிசை இல்லை. விரலில் மை இல்லை. வாக்காளர் பட்டியலில் பெயர் தேடும் தொல்லையும் இல்லை. கைப்பேசியைத் தொட்டால் தீர்ந்தது. தொட்ட இளைஞன் நிமிர்ந்து உட்காருகிறான், நாட்டின் சார்பில் தீர்ப்பு வழங்கிவிட்ட நீதிபதியைப் போல!

விளையாட்டு விவகாரம்தானே, இதற்கொரு கட்டுரையா, இதற்கொரு கண்டனமா என்று கேட்கும் தோழர்கள் உண்டு. கேட்கட்டும். ஆட்டம் அவர்களுடையதாக இருக்கலாம். ஆனால் வாக்கு என்ற சொல் நம்முடையது. 1920-இல் சென்னை மாகாணத்தில் தேர்தல் நடந்தபோது, சொத்து உள்ளவனுக்கும் வரி கட்டியவனுக்குமே வாக்கு இருந்தது. நீதிக்கட்சி ஆட்சியில், 1921-இல், பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டும் என்ற தீர்மானம் சென்னைச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. வயது வந்த எல்லார்க்கும் வாக்கு என்ற நிலை 1951-52 பொதுத்தேர்தலில்தான் வந்தது. உழுதவனும், நாற்று நட்டவளும், சேரியில் பிறந்தவனும், மாளிகையில் பிறந்தவனும் ஆளுக்கொரு வாக்கு என்ற அந்த நிலையை அடைய, எத்தனை மேடைகள், எத்தனை சிறைகள், எத்தனை ஏச்சுகள்! அந்தச் சொல்லை இன்று ஆட்டக் கூட்டமைப்புகள் கடன் வாங்கியிருக்கின்றன. கடன் கொடுத்தவன் கணக்குக் கேட்பது குற்றமாகாது.

கணக்குக் கேட்பதற்கு ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொள்வோம். 2020-ஆம் ஆண்டு மே மாதம். உலகமே தொற்றுநோய்க்கு அஞ்சிக் கதவடைத்துக் கிடந்த நாட்கள். அப்போது ஃபெட் கோப்பை இதய விருதுக்கு வாக்கெடுப்பு நடந்தது. நாட்டுக்கு நாடு மோதும் மகளிர் டென்னிஸ் போட்டிக்கு ஃபெட் கோப்பை என்பது அந்நாளைய பெயர்; அதே ஆண்டின் பிற்பகுதியில் பில்லி ஜீன் கிங் கோப்பை என்று பெயர் மாற்றினார்கள். துணிவுடனும் ஈடுபாட்டுடனும் தன் நாட்டுக்காக ஆடிய வீராங்கனைக்கு 2009 முதல் வழங்கப்படும் விருது இது. வெற்றியாளரைத் தேர்ந்தெடுப்பது இரசிகர்களின் வாக்கு. ஆசிய ஓசியானியப் பிரிவுக்கு இரண்டு பெயர்கள். ஒன்று சானியா மிர்சா. மற்றொன்று இந்தோனேசியாவின் பதினாறு வயது பிரிஸ்கா மேட்லின் நுக்ரோகோ. மே 1 முதல் 8 வரை வாக்கெடுப்பு. மொத்தம் பதிவான 16,985 வாக்குகளில் 10,000-க்கும் மேற்பட்டவை சானியாவுக்கு. இந்த விருதைப் பெற்ற முதல் இந்தியர் என்று ஏடுகள் எழுதின. பரிசுத் தொகையான 2,000 டாலரைத் தெலங்கானா முதலமைச்சரின் நிவாரண நிதிக்கு அவர் வழங்கினார்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சானியாவுக்கு அந்த விருது தகாது என்று சொல்ல நான் எழுதவில்லை. 2018 அக்டோபரில் மகனைப் பெற்றார். 2020 சனவரியில் மீண்டும் ஆடுகளம் புகுந்தார். ஹோபார்ட் நகரில், தாம் திரும்பி வந்து ஆடிய முதல் போட்டியிலேயே, உக்ரைனின் நாடியா கிச்செனோக்குடன் இணைந்து இரட்டையர் பட்டம் வென்றார். நான்கு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு ஃபெட் கோப்பை அணிக்கும் திரும்பினார். இந்தப் பெண் கேட்ட ஏச்சுகள் கொஞ்சமா? 2005-இல் அவருடைய பாவாடையின் நீளத்தை மதவாதிகள் அளந்தார்கள். 2014-இல் தெலங்கானா அரசு அவரை மாநிலத்தின் தூதராக அறிவித்தபோது, அவர் பாகிஸ்தானின் மருமகள் என்று ஒரு சட்டமன்ற உறுப்பினர் பேசினார். ஒரு பக்கம் இவள் மதத்துக்கு அடங்காதவள் என்றார்கள். மறுபக்கம் இவள் நாட்டுக்கு உரியவள் அல்லள் என்றார்கள். இரண்டு கூட்டமும் சேர்ந்து எறிந்த கற்களுக்கு நடுவே நின்று பந்தடித்தவர் அவர். பத்தாயிரம் பேர் பொத்தானை அழுத்தி, இவர் எங்கள் வீராங்கனை என்று சொன்னார்கள் என்றால், அதில் ஓர் அழகு உண்டு, மறுக்க மாட்டேன்.

மறுக்க வேண்டியது வேறு. செய்தி வெளியானதும் ஏடுகள் என்ன எழுதின? தாய்மையின் வெற்றி, தாயின் ஆற்றல், அன்னையின் இதயம்! கைக்குழந்தையுடன் அவர் ஆடுகளத்தில் நிற்கும் படத்தைப் போட்டு, ஏறத்தாழ ஒரு சிலை செய்துவிட்டார்கள். பெண் ஒருத்தி வென்றால் அவளைப் பீடத்தில் ஏற்றி வைப்பது இந்நாட்டு வழக்கம்; பீடத்தில் ஏறியவள் நடக்க முடியாது என்பது அந்த வழக்கத்தின் உட்பொருள். ரோஜர் பெடரர் நான்கு குழந்தைகளின் தந்தை. இருமுறை இரட்டையர்! அவர் விம்பிள்டனில் ஆடும்போது குழந்தைகளைத் தூக்கி வைத்திருந்தது யார் என்று எந்த ஏடாவது கேட்டதா? தந்தைமையின் வெற்றி என்று எவராவது தலைப்பிட்டாரா? தாயான பிறகு ஆடுகளத்துக்குத் திரும்பும் பெண்ணுக்கு வேண்டியது தரவரிசையில் பாதுகாப்பு, பயணத்துக்குப் பணம், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு. தீபாராதனை அன்று! மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் மேடையேறிப் பேசிய மண்ணில் இருந்துகொண்டு இதைக்கூடச் சொல்லாவிட்டால், வேறு எங்கிருந்து சொல்வது?

இனி, வாக்கெடுப்புக்கு வருவோம். அந்த 2020 மார்ச்சில், துபாயில் ஆறு நாடுகள் மோதின. இந்தியா சீனாவிடம் தோற்றது. மற்ற நால்வரை வென்றது. கடைசி மோதல் இந்தோனேசியாவுடன். வென்றால் இந்தியா வரலாற்றில் முதன்முறையாக அடுத்த கட்டத்துக்குத் தகுதி பெறும். தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். முதல் ஒற்றையர் ஆட்டத்தில் ருத்துஜா போஸ்லே, அந்தப் பதினாறு வயது நுக்ரோகோவிடம் தோற்றார். இரண்டாவது ஒற்றையர் ஆட்டத்திலும் தோற்றிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆடியவர் அங்கிதா ரெய்னா. அல்திலா சுச்சியாதியை நேர் செட்களில் வென்று கணக்கைச் சமன் செய்தார். பிறகு, சற்றே இளைப்பாறிவிட்டு, அதே அங்கிதா, சானியாவுடன் இணைந்து இரட்டையர் ஆட்டத்தையும் ஆடி வென்றார். ஒரே நாளில் இரண்டு ஆட்டம். இரண்டும் நாட்டின் தலைவிதியைத் தீர்மானித்தவை. (தலைவிதியில் எனக்கு நம்பிக்கை இல்லை; சொல் பழகிவிட்டது.)

அங்கிதா ரெய்னா யாரோ ஒரு புதுமுகமும் அல்லர். 2018 ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஒற்றையர் பிரிவில் வெண்கலம் வென்றவர். துணிவு, ஈடுபாடு, நாட்டுக்காக ஆடுதல் என்று விருதுக்கு விதித்த அளவுகோலை எடுத்து வைத்து அளந்தால், அந்த ஒரு நாளில் அவர் செய்தது எந்த அளவுக்குக் குறைவு? ஆயினும் அவர் தோற்றார் என்றுகூடச் சொல்ல வழியில்லை. தோற்பதற்குப் பெயர் பட்டியலில் இருக்க வேண்டுமே! பத்தாயிரம் பேரும் அங்கிதாவை வேண்டாம் என்று தள்ளவில்லை. அவர்களிடம் அங்கிதாவைப் பற்றி எவரும் கேட்கவே இல்லை.

இந்த இடத்தில்தான் எனக்குச் சோழநாட்டு நினைவு வருகிறது. தஞ்சையைச் சுற்றிப் பிறந்த எவரும் பள்ளிப் பருவத்திலிருந்தே கேட்டு வளரும் பெருமை ஒன்று உண்டு. உலகம் இருளில் கிடந்த காலத்திலேயே ஓட்டுமுறை கண்டவன் சோழன். குடவோலை முறைக்கு உத்திரமேரூர்க் கல்வெட்டே சான்று! மேடைதோறும் முழங்குகிறார்கள்; பாடநூலில் படிக்கிறோம்; தேர்வில் மதிப்பெண்ணும் வாங்குகிறோம். நானும் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். ஆனால் அந்தக் கல்வெட்டை முழுக்கப் படித்தவர் எத்தனை பேர்?

முதலாம் பராந்தகன் காலத்தில், 919-இலும் 921-இலும் பொறித்த கல்வெட்டுகள் அவை. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிந்திருந்தது. குடும்புதோறும் தகுதியுள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். ஆகவே முதல் செய்தி: அது வாக்கெடுப்பே அன்று, திருவுளச்சீட்டு. இரண்டாவது செய்தி, நமக்கு வேண்டியது: குடத்தில் யார் பெயர் விழும்? வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் உடையவன். தன் சொந்த மனையில் வீடு கட்டி வாழ்பவன். முப்பத்தைந்து வயதுக்கு மேல், எழுபதுக்குள் உள்ளவன். வேதம் ஓதி அறிந்தவன். அரைக்கால் வேலி மட்டும் உடையவனானால், கூடுதலாக வேதக் கல்வி இருந்தால் சலுகை. அது பிரமதேய ஊரின் சபை. ஏரி வாரியத்துக்கு ஆள் எடுத்தார்கள். ஆனால் ஏரியில் இறங்கி மண் சுமந்தவன் பெயர் குடத்துக்குள் போகாது. தோட்ட வாரியத்துக்கு ஆள் எடுத்தார்கள். தோட்டத்தில் தண்ணீர் இறைத்தவன் பெயர் போகாது. பெண்ணின் பெயர் பற்றிப் பேச்சே இல்லை.

நல்ல விதி ஒன்றும் அந்தக் கல்லில் உண்டு; அதை மறைப்பது நேர்மையாகாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் மறுபடி குடத்துக்குள் வரலாகாது. இன்றைய கூட்டமைப்புகள் பலவற்றுக்கு அந்த ஒரு விதியை ஓலையில் எழுதி அனுப்பலாம்!

சிறுவன் கைவிட்டு எடுத்தது நேர்மையாகத்தான் எடுத்தான். அவன் கையில் கபடம் இல்லை. ஆனால் கபடம் எல்லாம் அவன் கை நுழைவதற்கு முன்பே, ஓலை எழுதும்போதே முடிந்துவிட்டது. பத்தாயிரம் இரசிகர்களின் விரலும் அந்தச் சிறுவனின் கையைப் போன்றதுதான். கள்ள வாக்கு என்று நான் சொல்லவில்லை. எண்ணியதில் தவறு என்றும் சொல்லவில்லை. பெயர்களை எழுதியவர் யார், எந்த அளவுகோலால் எழுதினார், எவருடைய பெயரை எழுதாமல் விட்டார் என்பதை வாக்காளன் அறியான் என்றுதான் சொல்கிறேன்.

புகழ்பெற்ற பெயர் இருந்தால் வாக்கு கூடும். வாக்கு கூடினால் செய்தி கூடும். செய்தி கூடினால் விளம்பரதாரர் கூடுவர். ஆகவே பட்டியல் எழுதுபவனின் கை புகழை நோக்கியே சாயும். அவனைத் தீயவன் என்று கொள்ள வேண்டியதில்லை. கடைக்காரன் விற்கும் சரக்கைத்தான் முன்வரிசையில் அடுக்குவான்.

வாக்கெடுப்பு என்ற முறையே கெட்டது என்று சொல்வார் உண்டு. நான் சொல்லவில்லை. கேள்வியும் வாக்கும் ஒன்றுக்கொன்று பொருந்தினால் குறை காண ஒன்றுமில்லை. ஆடவர் டென்னிஸ் சங்கம் ஆண்டுதோறும் இரசிகர்களின் அன்புக்குரியவர் யார் என்று கேட்கிறது. 2003 முதல் 2021 வரை பத்தொன்பது ஆண்டுகள் தொடர்ந்து ஒரே விடை: பெடரர். 2020-இல் அவர் ஆடிய போட்டித்தொடர் ஒன்றே ஒன்று, சனவரியில் நடந்த ஆஸ்திரேலியப் பந்தயம். பிறகு முழங்காலில் அறுவை மருத்துவம். அந்த ஆஸ்திரேலியப் பட்டத்தை வென்றவர் ஜோகோவிச். பிரெஞ்சுப் பட்டத்தை வென்றவர் நடால். ஆயினும் அன்பு பெடரருக்கே! இதில் என்ன குறை? யாரிடம் அன்பு என்று கேட்டார்கள், சொன்னார்கள். ஆடாதவனையும் நேசிக்கலாம். அதே வாக்கைக் கொண்டுபோய், இந்த ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் என்று முத்திரை குத்தினால்தான் பொய்யாகும். நெல்லை அளக்க மரக்கால், துணியை அளக்க முழம். மாற்றி அளந்தால் கடையில் சண்டை வரும். விருதில் மட்டும் கைதட்டல் வருகிறது!

2021-இல் வளைகோல் பந்தாட்டத்தில் நடந்ததைப் பாருங்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆடவர் தங்கம் பெல்ஜியத்துக்கு, மகளிர் தங்கம் நெதர்லாந்துக்கு. இந்திய ஆடவர்க்கு வெண்கலம். நாற்பத்தோரு ஆண்டு கழித்து வந்த பதக்கம். மகளிர்க்கு நான்காம் இடம். இரண்டும் பெருமைக்குரிய சாதனைகளே. அடுத்து, உலகக் கூட்டமைப்பின் ஆண்டு விருதுகள். நாட்டுச் சங்கங்களின் வாக்குக்குப் பாதி மதிப்பு, ஊடகத்துக்குக் கால் பங்கு, இரசிகரும் ஆட்டக்காரரும் சேர்ந்து கால் பங்கு. எட்டு விருதுகள்; எட்டும் இந்தியாவுக்கு! ஆட்டக்காரர் இருவர், இலக்குக் காவலர் இருவர், வளரும் வீரர் இருவர், பயிற்சியாளர் இருவர். தங்கம் வென்ற பெல்ஜியத்துக்கு ஒன்றும் இல்லை. வாக்குமுறையே தோற்றுவிட்டது என்று பெல்ஜியச் சங்கம் வெளிப்படையாகக் கண்டித்தது. மறு ஆண்டு வல்லுநர் குழுவையும் சேர்த்து முறையை மாற்றினார்கள்.

சிறீஜேசும் சவிதாவும் இலக்கைக் காத்த விதத்தைக் கண்டவர்கள், அந்த இரு விருதுகளையும் தயங்காமல் அவர்களுக்குக் கொடுப்பார்கள். ஆனால் எட்டும்? நம்மவர் வென்றார், ஆகையால் நீதி வென்றது என்று குதிக்க முடியுமா? தொகை பெரிதென்பதால் நீதி தன்பக்கம் என்று எவன் சொன்னாலும் ஒப்பாத இயக்கம் நம்முடையது. இந்தி பேசுவோர் தொகை பெரிது, ஆகவே இந்தியே ஆட்சிமொழி என்றபோது நாம் என்ன விடை சொன்னோம்? அந்த விடையை ஆடுகளத்தின் வாயிலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போக முடியாது.

அப்படியானால் வல்லுநரிடமே விட்டுவிடலாமே என்று ஒரு குரல் எழும். பன்னாட்டுக் கிரிக்கெட் மன்றம் 2021 சனவரி முதல் அப்படித்தான் ஏறத்தாழச் செய்கிறது. மாதத்தின் சிறந்த ஆட்டக்காரர் விருதுக்கு, முன்னாள் ஆட்டக்காரர்களும் செய்தியாளர்களும் அடங்கிய குழுவின் வாக்குக்கு நூற்றுக்குத் தொண்ணூறு. இரசிகர் வாக்குக்குப் பத்து. 2021 பிப்ரவரியில் வென்றவர் நம் சென்னை அசுவின். அந்த மாதத்தில் மூன்று டெஸ்ட் ஆட்டங்களில் 24 விக்கெட்டுகள். சேப்பாக்கத்தில் 106 ஓட்டங்கள். எதிரே நின்றவர்களும் எளியவர்கள் அல்லர்: அதே சேப்பாக்கத்தில் 218 அடித்த ஜோ ரூட், முதல் டெஸ்டிலேயே ஆட்டமிழக்காமல் 210 அடித்த மேற்கிந்தியத் தீவுகளின் கைல் மேயர்ஸ். மூன்று பெயரில் எந்தப் பெயர் வந்தாலும் வாய்மூடி ஏற்கலாம் போன்ற பட்டியல். குடம் ஒழுங்காக நிரம்பியிருந்தது என்பதே அந்த மாதத்தின் சிறப்பு; பத்து விழுக்காடு இரசிகர் வாக்கு அதன் மேல் தெளித்த பன்னீர்.

ஆனாலும் வல்லுநர் என்ற சொல்லைக் கேட்டதும் தலையாட்டிவிட நம்மால் ஆகாது. ஏன்? தகுதி, திறமை என்ற இரண்டு சொற்களைக் காட்டித்தானே நூறாண்டுக் காலம் நம்மை வாயிற்படியில் நிறுத்தினார்கள்! வகுப்புரிமை ஆணை செயலுக்கு வந்தபோது தகுதி போயிற்று, திறமை போயிற்று என்று ஓலமிட்டவர்களை மறந்துவிட்டோமா? நீதிமன்றம் வரை சென்று அந்த ஆணையை வீழ்த்தினார்கள். 1951-இல் அரசியல் சட்டத்தையே முதன்முறையாகத் திருத்த வேண்டி வந்தது. வல்லுநர் குழுவில் யார் இருக்கிறார், எந்த நாட்டார், எந்த வகுப்பார், பெண்கள் எத்தனை பேர், எந்த ஆட்டத்தை நேரில் கண்டார் என்று கேட்காமல் வல்லுநர் என்று வணங்குவது, வேதம் ஓதியவன் பெயர் மட்டும் போதும் என்ற பழைய கல்வெட்டுக்குப் புது மை பூசுவதாகும். இரசிகனின் ஆர்வத்தை இகழ்ந்துவிட்டு வல்லுநனின் மௌனத்தைப் போற்றுவதற்கு நான் ஆயத்தமாக இல்லை.

பட்டியலுக்கும் முன்னே இன்னொரு பட்டியல் உண்டு. அதையும் பார்த்துவிட வேண்டும். தஞ்சை மாவட்டத்துப் பழைய ஊர்களில் கிளப் என்று ஒன்று இருந்தது. அதில் வெள்ளைக் கோடு போட்ட டென்னிஸ் களம். மாலையில் ஆடியவர்கள் வெள்ளைக்காரத் துரைமார், வழக்கறிஞர், மிராசுதார். பந்து பொறுக்கியவன் ஏழை வீட்டுப் பிள்ளை. துரை போனார், மிராசும் சுருங்கிற்று. ஆனால் இந்த ஆட்டம் இன்னும் வயல்வெளிக்கு வந்து சேரவில்லை. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் அறுவடை முடிந்த வயலில் கிரிக்கெட் ஆடுகிறார்கள், மணல்திட்டில் சடுகுடு, பள்ளி முற்றத்தில் கைப்பந்து. நான் பாடம் சொல்லும் பள்ளியில் டென்னிஸ் மட்டையைக் கையால் தொட்ட பிள்ளை ஒருவரும் இல்லை. ஆனால் டென்னிஸ் வீராங்கனைக்கு வாக்களித்தவர் இருக்கலாம்! வாக்களிக்கும் உரிமை கைப்பேசி வழியே வந்துவிட்டது. ஆடும் உரிமைதான் இன்னும் வழியில் எங்கோ நிற்கிறது. களமே காணாத ஊரிலிருந்து எந்தப் பெயர் குடத்துக்குப் போகும்?

தமிழகம் இந்த ஆட்டத்துக்குக் கொடுத்த பெயர்கள் பெரியவை. 1954-இல் விம்பிள்டன் சிறுவர் பட்டம் வென்று, 1960-இலும் 1961-இலும் அங்கே அரையிறுதி வரை சென்ற இராமநாதன் கிருட்டிணன், அவர் மகன் இரமேசு, அமிர்தராசு உடன்பிறப்புகள். பெண்களில், 1998-இல் ஆஸ்திரேலியப் பந்தயத்தின் முதற்சுற்றை வென்ற கோவை நிருபமா வைத்தியநாதன். எவரும் பொத்தானை அழுத்தி அவர்களை உண்டாக்கவில்லை. அவர்களை உண்டாக்கியவை களமும், மட்டையும், ஓயாத பயிற்சியும், அவற்றுக்கு வழி செய்த குடும்ப வசதியும். காவிரிப் படுகையின் சிற்றூர் ஒன்றிலிருந்து இந்த வரிசையில் ஒரு பெயர் இல்லையே என்றால், நம் பிள்ளைகளுக்குக் காலும் கையும் கண்ணும் இல்லை என்பது காரணமா?

வாக்குக்குக் காரணம் கேட்டால் என்ன ஆகும் என்று என் வகுப்பில் ஒருமுறை பார்த்தேன். விளையாட்டு விழா முடிந்த மறுநாள், வகுப்பின் சிறந்த ஆட்டக்காரர் யார் என்று சீட்டில் எழுதச் சொன்னேன். ஓட்டத்தில் முதல்வனாக வந்த மாணவனுக்கே பெரும்பாலான சீட்டுகள். மறு வாரம் அதே கேள்வி. ஆனால் பெயருக்குக் கீழே ஏன் என்று ஒரு வரி எழுத வேண்டும் என்றேன். வாக்குகள் சிதறின. சடுகுடுவில் முழங்கால் சிராய்த்தும் வெளியேறாத பெண்ணுக்குச் சில. தொடரோட்டத்தில் கோலைத் தவறவிட்ட தோழனைத் திட்டாமல் எடுத்து ஓடியவனுக்குச் சில. முதல்வனுக்கு வாக்குக் குறைந்தது. ஆனாலும் அவனே வென்றான். அவனுக்கு வாக்களித்தவர்களில் நால்வர், ஏன் என்ற இடத்தை வெறுமையாக விட்டிருந்தார்கள். முடிவு மாறவில்லை என்பதைச் சொல்லாமல் விட்டால் நான் கதை சொல்பவனாகிவிடுவேன். ஆனால் அந்த வாரம் வகுப்பில் நடந்த பேச்சு வேறாக இருந்தது. யார் என்பதைவிட, எதற்காக என்பதைப் பற்றிச் சண்டையிட்டார்கள்.

இரசிகன் என்பவன் இழிந்தவன் அல்லன். சுவைக்கத் தெரிந்தவன்தான் இரசிகன். சுவை அறிந்தவன் குறையும் அறிவான். தேவாரப் பண்ணையும் நாதசுரத்தையும் கேட்டு வளர்ந்த தஞ்சைக்காரனுக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை; நேற்று வரை போற்றிய வித்துவானை, இன்று சுருதி விலகினால் அவன் முகத்துக்கு நேரே சொல்லிவிடும் கூட்டம் இங்கே இருந்தது. அந்த இரசிகனைத்தான் இப்போது காணோம். படத்துக்குப் பாலூற்றுபவனையும், பொத்தானை ஆயிரம் முறை அழுத்துபவனையும் இரசிகன் என்று பெயரிட்டு அழைக்கிறார்கள். பக்தன் என்று சொன்னால் நாம் விழித்துக்கொள்வோம் என்று அஞ்சிப் பெயரை மாற்றினார்கள் போலும்!

படிப்பகங்களிலும் மாணவர் மன்றங்களிலும் இருக்கும் தோழர்கள் செய்யக்கூடியது உண்டு. உங்கள் ஊரில் கைப்பந்தோ சடுகுடுவோ நடத்திச் சிறந்த ஆட்டக்காரருக்குப் பரிசு கொடுக்கிறீர்கள். பட்டியலை நடத்துநர் எழுத வேண்டாம். ஆடிய அணிகளே பெயர் கொடுக்கட்டும். ஒவ்வொரு பெயரின் கீழும் அவர் செய்தது என்ன என்பதை இரண்டு வரியில் எழுதி ஒட்டுங்கள். எண்ணிக்கையை முழுமையாக அறிவியுங்கள். வென்றவரின் வாக்கை மட்டும் சொல்லித் தோற்றவரின் வாக்கை விழுங்காதீர்கள். 2013 முதல் நம் வாக்கு இயந்திரத்தில் எவரும் வேண்டாம் என்று சொல்ல ஒரு பொத்தான் உண்டு. விருதுகளில் அதுகூட இல்லை. அதற்கும் ஒரு படி மேலே போய், சீட்டின் அடியில் ஒரு வெற்றுக் கோடு விடுங்கள், பட்டியலில் இல்லாத பெயரை எழுதுவதற்கு. 2020 மே மாதத்தில் அப்படி ஒரு கோடு இருந்திருந்தால், அங்கிதா ரெய்னா என்று எழுதியவர்கள் எத்தனை பேர் என்பதாவது இன்று நமக்குத் தெரிந்திருக்கும்.